கார்பன் ஆஃப்செட்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மின்மினி:
வணக்கம். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக 8 பக்கக் கையேடு மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். வீட்டில் மின்சாரத்தைக் குறைப்பது, மாடியில் சோலார் போடுவது, அப்படியும் மிஞ்சுகிற புகைக்கு வேறெங்கோ மரம் நடவோ காற்றாலை வைக்கவோ பணம் கட்டுவது என்று மூன்று பகுதி. மூன்றாவதன் தலைப்பில் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்கு 'கரிம ஈடு' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வேதியியல் டீச்சர்:
'கரிம' வேண்டவே வேண்டாம். என் மாணவர்களுக்குக் கரிம வேதியியல் என்றால் ஆர்கானிக். கரிம உரம் என்று மூட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். 'கரிம ஈடு' என்றால் சாணி உரத்துக்குத் தள்ளுபடி என்று படிப்பார்கள். கார்பன் என்றே போடுங்கள். இன்னொன்று, நாம் எடைபோடுவது கார்பனை அல்ல, கார்பன் டை ஆக்சைடை. 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ வாயு. கையேட்டில் எது என்று தெளிவாக இருக்கட்டும்.

பழம்பேனா:
'கரி' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கும்போது கார்பன் எதற்கு அம்மா? கரிதல், கருமை, கார் எல்லாம் ஒரே வேர். 25ஆம் குறளில் கரி என்றால் சாட்சி. இந்த ஈட்டை விற்பவர்கள் மூன்றாமவரிடம் சான்று வாங்கித்தானே விற்கிறார்கள்? 'கரியீடு' என்றால் புகையும் வந்துவிடுகிறது, சாட்சியும் வந்துவிடுகிறது. யானைக்கும் கரி என்று பெயர் உண்டு, அது வடசொல் வழி வந்தது என்பார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மடைப்பள்ளி:
யானையைத் தனி இழையில் கட்டுங்கள் ஐயா. எனக்கு 'ஈடு'தான் இடிக்கிறது. எங்கள் வீட்டில் ஈடு என்றால் இட்லி. "இன்னொரு ஈடு ஊற்று" என்றால் இன்னொரு தட்டு. வைணவர்களுக்கு ஈடு என்றால் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரை. ஊரில் எவரிடமாவது "ஈடு வைத்தாயா" என்றால் நகை போச்சா என்று கேட்பதாக அர்த்தம். கையேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறார்கள் என்று பெரியவர்கள் பயப்படப் போகிறார்கள்.

யாழ்:
இலங்கையில் எங்கள் பாடப்புத்தகத்தில் காபன், காபனீரொட்சைட்டு என்றுதான் படித்தோம். அது ஆங்கிலம் என்று ஒருவரும் முறைப்பட்டதில்லை. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கியபோதும், வீட்டுக்கு வருகிற மின்சாரத்தையும் வெளியே போகிறதையும் அளக்கிற மீற்றரை, கூரையில் தகடு போட்ட சனம் 'நெற் மீற்றர்' என்றுதான் சொன்னது. சொல் பிறகு வரும், முதலில் பொருள் பழகட்டும்.

மின்வாரிய ஓய்வு:
இதற்குள் நான் நுழைய வேண்டாம் என்று பார்த்தேன். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாடியில் 3 கிலோவாட் போட்டால் நாளுக்கு ஏறத்தாழ 12 யூனிட் வரும். நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் மாதம் ஏறத்தாழ 250 கிலோ குறையும். மாடி சோலாருக்கான பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். இதை முதல் பக்கத்தில் போடுங்கள், பணம் கட்டிப் புகை கழிப்பதைக் கடைசியில் வையுங்கள். நம் பணம் இல்லாவிட்டாலும் சுழன்றிருக்கும் காற்றாலைக்குப் பணம் கொடுத்தால் ஒரு கிலோவும் குறையாது. அதற்கு எந்தச் சொல்லும் பொருந்தாது.

பழம்பேனா:
அப்படியானால் சரியான சொல் 'கழுவாய்'. புறநானூறு 34 பாருங்கள். ஆன்முலை, அதாவது பசுவின் மடியை, அறுத்தவர்க்கும் கழுவாய் உண்டு என்கிறார் ஆலத்தூர் கிழார். செய்த தப்பு அப்படியே இருக்கிறது, அதற்காக வேறொன்றைச் செய்கிறோம். 'ஈடு' என்றால் சமமாகிவிட்டது என்று பொய் சொல்கிறது. 'கரிக்கழுவாய்' பொய் சொல்லாது.

வேதியியல் டீச்சர்:
அதே பாட்டில் செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தி இல்லை என்றும் சொல்கிறார் ஐயா. மண்ணுக்கு நாம் செய்வது அதுதானே? உங்கள் பாட்டே உங்களுக்கு எதிர்சாட்சி, அதாவது எதிர்க்கரி! தவிர, கழுவாய் என்று போட்டால் பரிகாரம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். நவக்கிரகம் சுற்ற ஆள் வந்துவிடும்.

மடைப்பள்ளி:
பரிகாரம் என்றே போட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும். கிண்டலாகச் சொல்லவில்லை.

மின்மினி:
கழுவாய் எனக்குப் பிடித்திருக்கிறது. நட்ட கன்றுகள் நம் ஒரு வருடப் புகையை உறிஞ்சுவதற்குள் பத்திருபது வருடம் ஓடிவிடும், அதனால் 'ஈடு' சொல்கிற சமம் அங்கே இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கையேட்டை லிஃப்ட் வாசலில் நின்று படிப்பார்கள். பெயராக நின்றால் 'ஈடு' அடகாகிவிடுகிறது, வினையாக்கினால் அந்தப் பயம் இல்லை. அதனால் 'கார்பன் ஈடுசெய்தல்'. கீழே ஒரு வரி: "இது கடைசி வழி, முதல் வழி அல்ல." எண்ணிப் பார்த்தால் நான்கு பேர் சரி என்கிறீர்கள், ஒருவர் இல்லை.

பழம்பேனா:
அந்த ஒருவர் நான்தான். பதிவு செய்துகொள்ளுங்கள்.

மின்வாரிய ஓய்வு:
5ஆம் பக்கத்தில் 'நிகர அளவீட்டு மானி' என்று இருக்கிறதே, அது எது? எங்கள் லைன்மேனிடம் காட்டினேன், தண்ணீர் மீட்டரா என்று கேட்டான். 'இருவழி மீட்டர்' போதாதா?

பழம்பேனா:
'நிகர' என்பது நிகர் என்பதிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் நிகர் என்றால் ஒளி என்றும்

மின்மினி:
ஐயா, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். 5ஆம் பக்கத்தில் 'இருவழி மீட்டர்' என்று மாற்றியாயிற்று. 7ஆம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பழைய 'கரிம' தங்கிவிட்டது, இப்போதுதான் பார்த்தேன். யாரும் டீச்சரிடம் சொல்ல வேண்டாம்.