புதுப்பிப்பு: எடைக் கணக்கில் 105 கிலோ 1 கிலோ ஆனது எப்படி?

கோத்தகிரி பச்சைத் தேயிலை எடைக் கணக்கு ஜாவா நிரலில் தொகை குறைவதாக முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது.

யாரோ 105-இல் சுழியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து 'ஓ'வைத் தட்டியிருக்கிறார்கள். எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றும் நம்பர்ஃபார்மட்டின் பார்ஸ் இயல்பாகவே தாராளம்: புரியாத எழுத்து வந்ததும் நின்று, அதுவரை படித்த 1-ஐத் திருப்பித் தரும். பிழையே எழாது.

ஜாவா 23 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், கண்டிப்பாகப் படிக்கச் சொல்லும் செட்ஸ்ட்ரிக்ட்டை ட்ரூ ஆக்கினால் போதும், பார்ஸ்எக்செப்ஷன் என்ற பிழை எழும். பழைய பதிப்பில், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் பார்ஸ்பொசிஷனைக் கொடுத்து, முடிவில் அதன் இன்டெக்ஸ் சரத்தின் நீளத்துக்குச் சமமா என்று பாருங்கள்.

தசம எண்ணைப் படிக்கும் டபுள்.பார்ஸ்டபுளுக்கு மாறலாம் என்றவர்களுக்கு: 'ஓ'வை அது மறுக்கும்தான், ஆனால் எண்ணுக்குப் பின் 'டி', 'எஃப்' இருந்தால் ஏற்கும், ஓர இடைவெளியையும் வெட்டிவிடும். முழு எண்ணைப் படிக்கும் இன்டிஜர்.பார்ஸ்இன்ட் ஒரு இடைவெளியைக்கூடப் பொறுக்காது. "௧௨" என்ற தமிழ் எண்ணை மட்டும் 12 என்று வாங்கிக்கொள்ளும்!

தேதியிலும் இதே தொல்லை. தேதியைப் படிக்கும் சிம்பிள்டேட்ஃபார்மட் பிப்ரவரி 31-ஐ மார்ச்சுக்குத் தள்ளும். அதற்குப் பதில் டேட்டைம்ஃபார்மட்டரில் கண்டிப்பான ரிசால்வர்ஸ்டைல் ஸ்ட்ரிக்ட் வைத்தால், இல்லாத தேதியை மறுக்கும்; ஆனால் தேதி வடிவத்தில் ஆண்டுக்கு 'ஒய்' அல்ல, 'யு' எழுத்து நான்கு.