ஒரே போன், இரண்டு வகுப்பு: வழி சொல்லுங்களேன் (கொரோனா காலத்தில் எழுதியது)

வணக்கம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன்தான். பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் மூன்றாவது. இருவருக்கும் காலை பத்து மணிக்கே ஆன்லைன் வகுப்பு. போன் பெரியவளுக்குப் போய்விடுகிறது.

சின்னவனுக்குக் கல்வித் தொலைக்காட்சி போடுகிறேன். நன்றாகத்தான் நடத்துகிறார்கள், தவறவிட்டால் யூடியூபிலும் இருக்கிறது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே! 42-இல் 17 போகக் கேட்டால் 35 என்கிறான். கடன் வாங்கிய பத்தைக் குறைப்பதே இல்லை. நான் திருத்தினால், "மிஸ் இப்படிச் சொல்லலை" என்று அழுகை.

இந்தக் கழித்தலை வீட்டில் எப்படிப் புரியவைத்தீர்கள்? அப்புறம், பாடப்புத்தக க்யூஆர் கோடு வீடியோக்களைத் தீக்‌ஷா செயலியில் இரவே இறக்கி வைக்கலாமாம். பழைய 2 ஜிபி போனில் ஓடுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.