ஃபிட்ஸ்ஜெரால்டு என்பது குடும்பப் பெயரா, தகப்பன் பெயரா?

மார்த்தாண்டத்துப் பேரன் கேட்டது:

என் பாட்டாவுக்கு ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயர் ஃபிட்ஸ்ஜெரால்டு. ஊரில் எல்லோரும் அவரை ஜெரால்டு என்றே அழைத்தார்கள். முழுப் பெயர் சபைப் பதிவேட்டிலும் நிலப் பத்திரங்களிலும் மட்டுமே இருந்தது. நம் வழக்கப்படி அந்தப் பெயரின் முதலெழுத்து என் அப்பாவுக்கு இனிஷியலானது, அப்பா பெயரின் முதலெழுத்து எனக்கு இனிஷியலானது, பாட்டாவின் பெயர் அத்துடன் வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன், தன் மகனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட விரும்பாமல், பாட்டாவின் பெயரையே இனிமேல் நிலையான குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். உறவினர் ஒருவரோ, ‘ஃபிட்ஸ்’ என்று தொடங்குவதெல்லாம் மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவர்களுக்கு வைக்கும் பெயர் என்று சொல்லித் தடுக்கிறார். இந்தப் பெயர் எங்கே தோன்றியது, அதன் பொருள் என்ன, உறவினர் சொல்வதில் உண்மை உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடசேரி வாசகர் எழுதியது:

‘ஃபிட்ஸ்’ என்பதற்கு ‘மகன்’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. லத்தீனில் ‘ஃபிலியுஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் ‘ஃபிட்ஸ்’ என்று ஒலித்தது. 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து இங்கிலாந்தை வென்ற வில்லியத்துடன் அங்கே நுழைந்த நார்மன் பிரபுக்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பேசிய ஆங்கிலோ-நார்மன் மொழியில் அந்த உச்சரிப்பே நிலைத்தது. பிரான்சில் அது தேய்ந்து இன்று ‘ஃபீஸ்’ ஆகிவிட்டது. பழைய ஒலி ஆங்கிலேயரின், ஐரிஷ்காரரின் பெயர்களில்தான் உயிரோடு இருக்கிறது. ‘ஜெரால்டு’ ஜெர்மானிய வழிப் பெயர். ஈட்டி என்று பொருள்படும் சொல்லும் ஆட்சி என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்து உண்டானது. ஆக, ஃபிட்ஸ்ஜெரால்டு என்றால் ஜெரால்டின் மகன்.

யார் அந்த ஜெரால்டு என்பதுதான் சுவையான பகுதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் கோட்டையைக் காத்த ஜெரால்டு என்ற நார்மன் வீரர், வேல்ஸ் அரசர் ரீஸ் அப் டியூடரின் மகள் நெஸ்டை மணந்தார். இந்த ஜெரால்டின் தந்தை, விண்ட்சர் கோட்டையின் காவலராக இருந்த வால்ட்டர். வால்ட்டரின் தந்தை பெயர் ஓதர். எனவே வால்ட்டர் ‘ஃபிட்ஸ் ஓதர்’ என்றும், ஜெரால்டு ‘ஃபிட்ஸ் வால்ட்டர்’ என்றும், ஜெரால்டின் மகன் மாரிஸ் ‘ஃபிட்ஸ் ஜெரால்டு’ என்றும் அறியப்பட்டார்கள். மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர்கள்! பாட்டன் பெயர் அப்பனுக்கும், அப்பன் பெயர் மகனுக்கும் அடையாளமாகி அடுத்த தலைமுறையில் விலகிவிடும் நம் இனிஷியல் முறையிலிருந்து இது எந்த வகையில் வேறுபடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாரிஸ் 1169-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் படையுடன் இறங்கினார். அவருக்கு முன்பே அதே ஆண்டில் அங்கே இறங்கியிருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ஸ்டீஃபன், நெஸ்டுக்கு ஸ்டீஃபன் என்பவர் மூலம் பிறந்த மகன். அதாவது ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரும், தந்தையர் வேறுபட்டதால் வேறுவேறு ‘ஃபிட்ஸ்’ ஆனார்கள். மாரிஸின் சந்ததியார் அயர்லாந்தில் பெரும் நிலக்கிழார்களாகத் தழைத்தார்கள். அவர்கள் வம்சத்தில் 1316-இல் முதல் கில்டேர் பிரபுவான ஜானும், 1329-இல் முதல் டெஸ்மண்ட் பிரபுவான மாரிஸும் ‘ஃபிட்ஸ் தாமஸ்’ என்றே அழைக்கப்பட்டார்கள், ஏனென்றால் இருவருடைய தந்தையர் பெயரும் தாமஸ். வம்சம் ஊன்றி நூற்றைம்பது ஆண்டுகள் ஆன பிறகும் பெயர் தந்தைக்குத் தந்தை மாறிக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிலமும் பட்டமும் பரம்பரையாக இறங்கும் இடத்தில், இன்னாருடைய வாரிசு என்று ஒரே பெயரால் காட்டுவது வசதியாக இருந்ததால், முதல் ஜெரால்டின் பெயர் மெல்ல மெல்ல எல்லாத் தலைமுறைக்கும் பொதுவாக உறைந்துவிட்டது. அந்த வம்சத்தின் கில்டேர் கிளையார் டப்ளினில் கட்டிய லெய்ன்ஸ்டர் மாளிகையில்தான் இன்று அயர்லாந்தின் நாடாளுமன்றம் கூடுகிறது.

தக்கலை ஆசிரியை எழுதியது:

உறவினர் சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அது ஒரு காலத்துக்குரிய வழக்கத்தை எல்லாக் காலத்துக்கும் விரித்துச் சொல்லும் பிழை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு, மனைவியல்லாத எலிசபெத் பிளவுன்ட் மூலம் 1519-இல் பிறந்த மகனுக்கு ‘ஹென்றி ஃபிட்ஸ்ராய்’, அதாவது அரசரின் மகன், என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் சார்லஸின் அத்தகைய பிள்ளைகள் சிலருக்கும் அதே ஃபிட்ஸ்ராய், இரண்டாம் ஜேம்ஸின் மகனுக்கு ஃபிட்ஸ்ஜேம்ஸ், பிறகு நான்காம் வில்லியமாக முடிசூடிய கிளாரன்ஸ் பிரபுவுக்கும் நடிகை டோரதி ஜோர்டனுக்கும் பிறந்த பத்துப் பேருக்கும் ஃபிட்ஸ்கிளாரன்ஸ். அரச குடும்பம் பழைய நார்மன் முன்னொட்டைத் தூசு தட்டி எடுத்துப் புதிதாகப் பயன்படுத்தியதால் இந்தக் கருத்து பரவியது. ஃபிட்ஸ்ஜெரால்டு பெயர் அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது; மாரிஸ், முறைப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் ஹென்றி அரசரையே ‘ஃபிட்ஸ் எம்ப்ரஸ்’, அதாவது பேரரசியின் மகன், என்று தாயார் மெட்டில்டாவின் பெருமையைக் காட்டி அழைத்தார்கள். அதில் இழிவு எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஃபிட்ஸ்’ என்று இருப்பதெல்லாம் நார்மன் இரத்தம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஃபிட்ஸ்பேட்ரிக் குடும்பத்தார் ஐரிஷ் மண்ணின் மக்கள். அவர்களுடைய பழம்பெயரான ‘மாக் கில்லா ஃபாட்ரிக்’, புனித பேட்ரிக்கின் அடியாருடைய மகன் என்று பொருள்படும். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சிக்குப் பணிந்தபோது ‘மாக்’ என்பதைக் கழற்றி ‘ஃபிட்ஸ்’ என்பதைப் பூட்டிக்கொண்டார்கள். அந்தோணிதாசும் சேவியர்தாசும் நிறைந்த நம் மாவட்டத்துக்கு, அடியார் என்று பெயர் சூடும் அந்த வழக்கம் அந்நியமானதல்ல.

மார்த்தாண்டத்துப் பேரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அவர்களின் விளக்கத்தை உறவினருக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். அயர்லாந்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோது, ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த என் பாட்டாவிடம் இந்தப் பெயர் எப்படி வந்து சேர்ந்தது?

குளச்சல் கரையான் எழுதியது:

உங்கள் பாட்டா விஷயத்தைச் சபைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். பொதுவான வழியை நான் சொல்கிறேன். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார்; 1818 முதல் மீட் ஐயர் நாகர்கோவிலில் பணியாற்றினார். லண்டன் மிஷன் சங்கம் நடத்திய பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் இங்கிலாந்தில் இருந்த நன்கொடையாளர்கள் பணம் அனுப்பினார்கள். பணம் கொடுத்தவரின் பெயரையே பெற்றவருக்குச் சூட்டுவதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. அந்த நன்கொடையாளரின் குடும்பப் பெயர், இங்கே ஒருவருடைய சொந்தப் பெயராகிவிடும். பிறகு போதகர் பெயர், ஆசிரியர் பெயர், துரை பெயர் என்று வைக்கத் தொடங்கி, வில்சன், நெல்சன், ஜாக்சன், ராபின்சன் எல்லாம் நம் தெருக்களில் முதற்பெயர்களாயின. இவை அத்தனையும் ‘இன்னார் மகன்’ என்ற பொருளுடையவை. வில்லின் மகன் வில்சன். ராபினின் மகன் ராபின்சன். வில்சனுடைய மகனுக்கு ராபின்சன் என்று பெயர் வைத்துக் கூப்பிடுவது, ஆங்கிலேயர் யாராவது கேட்டால் தலையைச் சொறிய வைக்கும். நமக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

எங்கள் கடற்கரையில் கதை வேறு. போர்த்துகீசியர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நீடிக்கின்றன. பெர்னாண்டஸ் என்பதில் உள்ள ‘எஸ்’ ஈறும் பெர்னாண்டோவின் மகன் என்பதையே குறிக்கும். உள்நாட்டுச் சபைகளில் இனிஷியல் வென்றது, கரையில் குடும்பப் பெயர் ஓரளவு தப்பியது என்பது என் கணிப்பு.

வடசேரி வாசகர் எழுதியது:

அண்ணன் தாராளமாகப் பாட்டா பெயரை வைக்கலாம். பாட்டன் பெயர் ஒரு தலைமுறையில் உறைந்து குடும்பப் பெயராவது, அந்தப் பெயரின் வரலாற்றில் முன்பே நடந்ததுதான். எழுதும் முறையில் மட்டும் கவனம் தேவை. ‘ஃபிட்ஸ்’ என்பதற்கும் ‘ஜெரால்டு’ என்பதற்கும் நடுவே ஆங்கிலத்தில் இடைவெளி விட்டால், பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரிகளில் அவை இரண்டு சொற்களாகப் பிரிந்து நிற்கும். பயணச்சீட்டில் சேர்த்து எழுதிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. நடுவில் வரும் ‘ஜி’ பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் அந்த வரிகளில் எல்லாமே பெரிய எழுத்துகள்தான். பிறப்புச் சான்றிதழ் முதற்கொண்டு எல்லா ஆவணங்களிலும் ஒரே சொல்லாக எழுதச் சொல்லுங்கள். சபைப் பதிவேட்டில் பாட்டாவின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதையே பின்பற்றுவது நல்லது.