தொண்டையில் கத்தி இருந்தபோது: வெளிநாட்டில் துருக்கிச் சலூன் ஷேவ், உங்கள் அனுபவம்?

பெர்லின் பக்கம்
பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் குடியிருந்தபோது நடந்தது. சூடான துண்டு, பிரஷ், நுரை, கடைசியில் எலுமிச்சை கொலோன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வலக் கன்னம் முடிந்து கத்தி தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. சலூன்காரரின் பெருவிரல் என் தொண்டைத் தோலை இழுத்துப் பிடித்திருந்தது. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. உடனே மறுபடியும் அடித்தது. கத்தியை மடித்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனைக் காதில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். போனை வைத்ததும் புதிதாக ஒரு சூடான துண்டை எடுத்துப் பிழிந்து, பாதி ஷேவ் ஆன என் முகத்தில் நிதானமாகப் போர்த்திவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொல்லி வெளியே போனார். மீதியை அந்தப் பக்கத்துக்காரர் முடித்தார், நன்றாகவே முடித்தார். காசு கொடுத்து வெளியே வந்தால் வாசலில் அவர் இல்லை. சீக்கிரமே நான் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். என்ன சேதி வந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்படி ஒரு நேரத்திலும் என் தோல் காய்ந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை மறக்கவே முடியவில்லை.

பாஸ்பரஸ்
எனக்கு இஸ்தான்புல், காடிகோய். வேலைக்காக அங்கே இருந்தேன். ஷேவ் முடிந்தது என்று எழப் போனவனைத் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். குச்சியில் சுற்றிய பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பற்றவைத்து, காதில் தட், தட், தட். முடி பொசுங்கும் வாசனை முதலில், சூடு அப்புறம். தீ பட்ட இடத்தை இன்னொரு கையால் உடனுக்குடன் தடவிக்கொண்டே வந்தார், அதனால் சுடவில்லை. ஆனால் ஒரு சைகைகூட முன்னால் காட்டவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. முதல் பதிவில் உள்ள அக்கறை எல்லா நாற்காலியிலும் கிடைக்காது.

வார்டு நைட் ஷிப்ட்
லண்டனில் ஒரு கடையில், முந்தின ஆளுக்குப் பயன்படுத்திய கத்தியோடு என்னிடம் வந்தார். பிளேடைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாற்றினார். அந்தச் சுளிப்பு இன்னும் உறுத்துகிறது.

செவிலியர் வேலையில் இருப்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கே தெரியாத கீறல் போதும். கொலோனில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் கத்தி சுத்தமாகிவிடாது. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. அதனால் உறையைப் பிரித்துப் புது பிளேடு மாட்டுவதைக் கண்ணால் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுக்கிறவர்கள் கத்தி ஷேவே வேண்டாம், தோல் மெலிந்து எளிதில் உரியும். பிளேடைப் போலத்தான் படிகாரக் கட்டியும், பத்துப் பேர் முகத்தில் தேய்த்த அதே கட்டியை உங்கள் வெட்டில் தேய்க்க விடாதீர்கள். பெர்லின் நண்பரே, பாதியில் ஆள் மாறினாரே, பிளேடு மாறியதா?

சுருள்தாடி
பெர்லின்காரர் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார், நீங்கள் பிளேடைக் கேட்கிறீர்கள். உங்கள் மருத்துவம் சரிதான், நானும் பார்த்துத்தான் உட்காருவேன். ஆனால் படிப்பவர்களுக்கு அந்தக் கடைகள் எல்லாமே அழுக்கு என்று தோன்றும்படி எழுதுவது நியாயமில்லை. ஜெர்மனியில் சலூன் நடத்தப் பொதுவாக மைஸ்டர் என்ற உயர் தொழில் தகுதி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்க ஜெர்மனி துருக்கியோடு போட்ட 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் இந்த விதிகளுக்குள் தொழில் செய்து வளர்ந்தவர்கள்.

என் கதை சின்னது. என் தாடி சுருள்முடி. ஒட்ட வழித்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டி கட்டியாக வரும். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பெரியவர் நுரை போடும் முன் கழுத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்து, பழைய கட்டி ஒன்றில் நின்றார். முடி வளரும் போக்கிலேயே ஒரு தடவை வழித்தார். எதிர்ப்பக்கமாகவும் வழிக்கச் சொல்லிக் கையால் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் வற்புறுத்த, கத்தியை மூடிவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த வாரம் ஒரு கட்டிகூட வரவில்லை. அதற்கு முன் பணம் வாங்கிக்கொண்டு கேட்டபடி வழித்துவிட்டவர்கள் யாரும் என் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

பாஸ்பரஸ், அந்தத் தீ அங்கே வழக்கம்தான். சுடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன கோபம்?

பாஸ்பரஸ்
சுடவில்லை என்பது வேறு, சொல்லவில்லை என்பது வேறு. உங்கள் பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தி வைத்தார், நான் கேட்பதும் அதைத்தான். இப்போது நான் போகும் இடத்தில் இருப்பவர் குச்சியை முதலில் கண்ணாடியில் காட்டுவார், விரலால் என் காதைத் தொடுவார். நான் தலையசைத்தால்தான் லைட்டரை எடுப்பார். இதற்கு ஒரு நொடி ஆகுமா?