குடை 'கூடை' ஆகிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். கிட்டார் கற்க ஆரம்பித்து நாலு மாதம்தான். தெரிந்த ஜி, டி, ஈ மைனர், சி கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) வைத்தே ஒரு காதல் பாட்டு எழுதுகிறேன். (யாருக்கு என்று கேட்காதீர்கள்.) பல்லவி வந்துவிட்டது:

"மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில்
உன் குடையில் எனக்கும் பாதி இடம்"

மெட்டில் பாடினால் 'கு' நீண்டு, "உன் கூடையில்" என்று கேட்கிறது. தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வார்த்தையை மாற்றவா, மெட்டை மாற்றவா?

அப்புறம், சரணத்திலும் அதே நாலு கார்டு சுற்றுவதால் பல்லவி முடிந்ததே தெரியவில்லை. ஈ மைனரில் தொடங்கினால் ஒரே சோகம். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பார் கார்டு பிடித்தால் முதல் கம்பி 'டப்' என்று செத்துப்போகிறது. எஃப் இல்லாமல் சரணத்தை வேறுபடுத்த வழி உண்டா? ஸ்ட்ரம்மிங்கை (கம்பிகளை மீட்டும் விதத்தை) மட்டும் மாற்றினால் போதுமா?