சைலன்சருக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

திங்கள் இரவு, ரோஸ் ஹில், மோரீஷஸ்

அனைவருக்கும் வணக்கம்.

என் மாலை வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறார். பகலில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் எங்கள் மாணவர்கள் பேசுகிறார்கள். மற்றவர்கள் பொங்கல், தாய்ப்பாசம் என்று எடுத்திருக்க, இவர் மட்டும் வண்டிக்கு வேறு சைலன்சர் வாங்குவது பற்றி ஐந்து நிமிடம் பேசப் போகிறாராம். எனக்கு ஒரே சந்தோஷம். எழுதிக்கொண்டு வந்ததைப் படித்ததும் அதில் பாதி போய்விட்டது. முதல் வாக்கியம் இது: "ஒரிஜினல் லேசாப்மான் துருப்பிடித்தால் அடாப்தாப் வாங்கலாம், ஆனால் சிக்கான் கழற்றக் கூடாது." வினைச்சொற்கள் மட்டும்தான் நம்முடையவை.

அந்த மூன்றுக்கும் சொல் வேண்டும். முதல் இரண்டும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை. லேசாப்மான் என்பது எஞ்சின் கழிவுக் காற்று வெளியேறும் குழாய், அடாப்தாப் என்பது வேறு நிறுவனம் செய்த மாற்றுப் பாகம். சிக்கான் என்பது சைலன்சர் வாயில் ஒற்றைத் திருகாணியோடு செருகியிருக்கும் சின்னக் குழாய். அதைக் கழற்றினால் தெருவே எழுந்து உட்காரும். அகராதியில் 'வெளியேற்றுக் குழாய்' என்று இருந்தது. சொல்லிக் கொடுத்தேன். "மிஸ், இது கக்கூஸ் குழாய் மாதிரி இருக்கிறதே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வியாழன் வகுப்புக்குள் கிடைத்தால் நல்லது. 'பழையன கழிதலும்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

செவ்வாய் காலை, போ பாசன்

அம்மா, வணக்கம். புகைபோக்கி என்று நாலு பேர் எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன். மோரீஷஸில் புகைபோக்கி என்றால் பழைய கரும்பாலையின் கல் கோபுரம். ஆலை மூடி, எந்திரம் பழைய இரும்புக்குப் போன பிறகும் கரும்புக் காட்டு நடுவே அது மட்டும் நிற்கிறது. அதைக் கொண்டுபோய் இரண்டு சக்கர வண்டியில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம்மிடம் 'தூம்பு' இருக்கிறது. உள்ளே துளை உடையது தூம்பு. ஏரியிலிருந்து நீரை வெளியே விடும் மதகும் தூம்பு. மலைபடுகடாம் தொடக்கத்தில் கூத்தர்கள் கட்டி எடுத்துவரும் கருவிகளில் ஒன்று 'களிற்று உயிர்த் தூம்பு', அதாவது யானை துதிக்கை வழியே பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் ஊதுகருவி. துளை இருக்கிறது, காற்று வெளியேறுகிறது, ஒலியும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். ஆகவே 'உயிர்த்தூம்பு'.

தும்பிக்கையும் தூம்பின் உறவே என்பது என் நெடுநாள் கருத்து. யானைக்குத் தும்பி என்று பெயர் உண்டு. வண்டுக்கும் தும்பி என்று பெயர் உண்டு. வண்டும் குழல்போன்ற வாயால் உறிஞ்சுகிறது. இதன் தொடர்ச்சியை மாலையில் எழுதுகிறேன்.

செவ்வாய் மதியம், கத்ர் போர்ன்

ஐயா, தூம்பு காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று முதலில் பார்ப்போம். இருபது வருடமாக இதைக் கழற்றி மாட்டுகிறவன், அதனால் சொல்கிறேன்.

எஞ்சின் தலையிலிருந்து வளைந்து இறங்குவது ஒரு குழாய். அது போய்ச் சேருகிற தடித்த பகுதிதான் சைலன்சர். லேசாப்மான் என்று நாம் சொல்வது இரண்டையும் சேர்த்து. இதைக் குழப்பினால் காசு போகும். கடையில் கேட்கிற முதல் கேள்வியே "சைலன்சர் மட்டுமா, முழு லைனா?" என்பதுதான். சைலன்சர் மட்டும் என்றால் கிளாம்பைத் தளர்த்திப் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம், அரைமணி வேலை. எடை குறையும், குரல் மாறும். வேகம் கூடிற்று என்பதெல்லாம் பெரும்பாலும் காதுக்குத்தான். முழு லைன் என்றால் பல வண்டிகளில் நச்சு வாயுவைக் குறைக்கும் வினையூக்கியும் கழன்று போய்விடும். ஆக்சிஜன் உணரியை மாட்டப் புதுக் குழாயில் மரையிட்ட துளை இருக்கிறதா பார்க்க வேண்டும். பெட்ரோல் அளவையும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று மிகுந்து எஞ்சின் சூடேறும்.

போன மாதம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. மலிவாக வாங்கிப் போட்ட சைலன்சர், மேலே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத் தையலில் விரல் வைத்தேன், உள்ளே போய்விட்டது. சரி என்று அறுத்தே பார்த்தேன். நடுவில் சல்லடைபோல் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. அந்தப் பஞ்சுதான் சத்தத்தை விழுங்குவது. பாதிப் பஞ்சைக் காணவில்லை, மீதி அடுப்படிக் கரித்துணி மாதிரி ஈரமாக ஒட்டிக் கிடந்தது. உரிமையாளர் தினமும் கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவர். பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். குழாய் நன்றாகச் சூடாகி அது உலர்வதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே தங்குகிறது, வெளியே கடல் உப்பு. இந்தத் தீவில் வாங்குகிறவர் துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்கட்டும். டைட்டானியம் அதே கன அளவுக்கு எஃகில் பாதியைவிடச் சற்றே கூடின எடை, சூட்டில் நீலம் பூக்கும், பார்க்க அழகு. விலையைக் கேட்டால் அழகு மறந்துபோகும்.

இன்னொன்று. இந்தக் கால நாலு ஸ்ட்ரோக் வண்டியில் புகை கண்ணுக்குத் தெரிந்தால் கோளாறு. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆகவே பெயரில் புகையே வேண்டாம் என்பது என் கட்சி.

செவ்வாய் இரவு, சேன் தெனி, ரெயூனியன்

வணக்கம். நான் முப்பது வயதுக்கு மேல் தமிழ் படித்தவன், பிழை பொறுக்கவும்.

எங்களுக்கு இது 'போ தெஷாப்மான்'. தெருவில் வெறும் 'போ'. வகுப்பில் நான் கற்ற முதல் வினைச்சொல்லும் 'போ'! காற்றைப் போ என்று சொல்லும் குழாய்க்குப் போ என்றே பெயர். பிரெஞ்சில் அது பானை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் விட மனமில்லை. போ, போக்கு, போக்கி என்று மூன்று படியில் வந்துவிடுகிறது. புகையை வெட்டிவிட்டு 'வளிபோக்கி' என்று வைத்தால் என்ன?

அடாப்தாப் பற்றி. சென்னை நண்பர் ஒருவர் எனக்குத் தனியே 'பின்சந்தைப் பாகம்' என்று எழுதினார். பின்சந்தை என்றால் எனக்குக் கோவிலுக்குப் பின்னால் கீரை விற்கிற இடம்தான் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரன் சந்தையையே பேசவில்லை, பொருந்துமா என்று மட்டும் பார்க்கிறான். நாமும் 'பொருந்துபாகம்' என்போம்.

தம்பி பேச்சில் இதையும் சேர்க்கலாம். ஐரோப்பிய அனுமதி பெற்ற சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். 2 என்றால் பிரான்ஸ், 3 என்றால் இத்தாலி. அது அனுமதி கொடுத்த நாடு, செய்த நாடு அல்ல. மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே இருப்பது ஐ.நா. ஒழுங்குமுறை எண் 92. அனுமதி குறிப்பிட்ட வண்டிக்குத்தான், அதுவும் சிக்கான் உள்ளே இருக்கும்போதுதான்.

புதன் காலை, போ பாசன்

தம்பி, நான் குடியிருக்கும் ஊரின் பெயரிலும் ஒரு 'போ' இருக்கிறது. அதற்கு அழகு என்று பொருள். எல்லாப் போவும் போ அல்ல. 'பொருந்துபாகம்' வினைத்தொகை, குற்றமில்லை, ஏற்கிறேன்.

புதன் காலை, டர்பன்

ட்ரூரோ கப்பலில் 1860 இல் இங்கே வந்து இறங்கியவர்களின் வழி நாங்கள். எங்கள் பேரப்பிள்ளைகளிடம் தமிழ் தேவாரத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அங்கே ஒரு பையன் மேடையேறித் தமிழில் பைக் பற்றிப் பேசுகிறேன் என்கிறான், நீங்கள் அவன் வாயில் தூம்பைச் செருகப் பார்க்கிறீர்கள். சைலன்சர் என்றே பேசட்டும். மதுரையிலும் அதுதான், மலேசியாவிலும் அதுதான்.

புதன் மதியம், போர்ட் லூயி

டர்பன் ஐயா சொன்னது சரி, ஆனால் சைலன்சர் எதற்கு? இங்கே யார் அப்படிச் சொல்கிறார்கள்? லேசாப்மானையே எடுத்துக்கொள்வோம். கிரியோல்காரர், அதாவது தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழி பேசுகிறவர், நம் முருங்கையை முரூம் ஆக்கினார், பீர்க்கங்காயைப் பிப்பாங்காய் ஆக்கினார், தினமும் சமைத்துச் சாப்பிடுகிறார். நம்மைக் கேட்டா எடுத்தார்? கணக்கைத் தீர்க்க இது ஒரு சந்தர்ப்பம்.

கோபப்படாமல் கேளுங்கள். 1998 இல் நம் தீவின் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்தி வரிக்குக் கீழே இறங்கியதற்கு ஊரே கொதித்தது, நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

புதன் இரவு, போ பாசன்

நோட்டு விஷயத்துக்கு இங்கே இடமில்லை. அன்று நானும் தெருவில் நின்றேன், அவ்வளவுதான் சொல்வேன்.

லகரம் மொழிமுதலாகாது. இகரம் சேர்த்து 'இலேசாப்மான்' என்று எழுத வேண்டும். படிக்கிறவன் எடை குறைந்த மான் ஒன்றைத் தேடுவான். 'சைலன்சர்' மட்டும் என்ன வாழ்ந்தது? தொல்காப்பியப்படி சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்றோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது.

புதன் இரவு, போர்ட் லூயி

அப்படியானால் 'சண்டை'யும் வராது ஐயா. நாம் மூன்று நாளாகச் செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

புதன் இரவு, போ பாசன்

பூசல்.

வியாழன் இரவு, ரோஸ் ஹில்

வகுப்பு முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதிப் போட்டேன். 'வளிபோக்கி' என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. வயிற்று உபாதை மருந்தா என்று கேட்டார்கள். ரெயூனியன் தம்பி மன்னிக்க வேண்டும்.

சிக்கானைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படவில்லை. மாணவரே பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, கரி அப்பியிருக்கிறது, என் சேலையில் இன்னும் கறை. "மிஸ், வாய்க்குள்ளே தொங்குமே, போன மாதம் உடலுறுப்புப் பாடத்தில் வந்ததே" என்று தொண்டையைக் காட்டினார். உள்நாக்கு! "உள்நாக்கைக் கழற்றாதீர்கள், போலீஸ் பிடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தோம். கேட்டதும் எல்லோருக்கும் புரிந்தது.

பெரிய சொல்லுக்குக் கை தூக்கச் சொன்னேன், இங்கே வந்த மடல்களையும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் வந்த புகைக்குழல் 6, சைலன்சர் 4, உயிர்த்தூம்பு 1. லேசாப்மானுக்கும் 1, அது விளையாட்டுக்கு என்று நினைக்கிறேன். ஆகவே முழு லைனுக்குப் புகைக்குழல், தடித்த பகுதிக்கு மட்டும் சைலன்சர் என்று பேசப் போகிறார்.

வெள்ளி காலை, கத்ர் போர்ன்

புகையில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது, போகிறேன். உள்நாக்கைப் பட்டறைப் பையன்களிடம் சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். இனி யாராவது அதைக் கழற்றித் தரச் சொன்னால் "டாக்டரிடம் போ" என்கிறார்கள்.

வெள்ளி காலை, போ பாசன்

உள்நாக்கு உடலில் உள்ள உறுப்பு. உவமையாகு பெயராகக் கொண்டால் பிழையில்லை, சரி. பெரிய சொல்லில் என் மாற்றுக் கருத்து அப்படியே நிற்கிறது. தும்பியின் இரண்டாம் பகுதியை எழுதிவிட்டேன், கொஞ்சம் நீளம், ஞாயிறு அனுப்புகிறேன்.

அம்மா, ஓர் உதவி. நாளை பேச்சு முடிந்ததும் தம்பியைத் தனியே கூப்பிட்டு, ஒருமுறை 'தூம்பு' என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதட்டும்.