காயம்பட்ட செடி குட்டையாவது சக்தி தீர்ந்தா, மரபணு தடுத்தா?

இலைநரம்பு:
1972-இல் கிரீனும் ரயனும் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் காட்டியது பலருக்குத் தெரிந்திருக்கும். ஓர் இலையை வண்டு கடித்தால், கடிபடாத இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் சேர்கிறது. அதைத் தயாரிக்க நைட்ரஜன் வேண்டும், சர்க்கரை வேண்டும். வருமானம் கூடவில்லை, செலவு மட்டும் ஏறுகிறது. அப்புறம் வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பது என் கட்சி.

வேர்முடிச்சு:
தேவை இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இலைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்திய ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. சாதாரணச் செடி குட்டையானது. காயத்தைச் செடிக்கு உணர்த்தும் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோனைத் தயாரிக்க முடியாத சடுதிமாற்றச் செடி அதே காயங்களைப் பட்டும் வளர்ந்தது. குட்டையான செடியில் நின்றுபோனது செல் பிரிதல்.

இலைநரம்பு:
ஜாஸ்மோனேட் இல்லாத செடி பாதுகாப்புப் புரதமும் பெரிதாகத் தயாரிக்காதே! செலவே செய்யாத செடி வளர்ந்தது என்கிறீர்கள். அது என் பக்கத்துச் சாட்சி.

வேர்முடிச்சு:
சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். காயம்படாத செல்லில் ஜாஸ் என்ற அடக்கிப் புரதங்கள், மரபணுக்களை முடுக்கும் மைக்2 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். காயம் பட்ட சில நிமிடங்களிலேயே ஜாஸ்மோனேட் ஏறி, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து, ஜாஸை சிஓஐ1 புரதத்தோடு ஒட்டவைக்கிறது. ஒட்டிய ஜாஸ்மீது யூபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டு ஏறும், புரதங்களை நறுக்கும் புரோட்டியாசோம் அதைச் சிதைத்துவிடும். விடுபட்ட மைக்2 பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கும். கவனிக்க வேண்டியது அடுத்தது: இதே ஜாஸ்தான் டெல்லா என்ற வளர்ச்சித் தடுப்புப் புரதத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. ஜாஸ் போனால் டெல்லாவும் அவிழ்கிறது. அதாவது, ஒரு புரதம்கூடத் தயாராகும் முன்பே வளர்ச்சிக்குத் தடை விழுந்துவிடுகிறது.

2016-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து ஜாஸ் மரபணுக்களையும், சிவப்பு ஒளியை உணர்ந்து வளர்ச்சியை அடக்கும் பைட்டோகுரோம் பி-யையும் இழந்த செடி நன்றாகவும் வளர்ந்தது, பூச்சியையும் எதிர்த்தது. செலவுதான் காரணம் என்றால் இந்தச் செடி இருக்கவே முடியாது.

பசுந்தளிர்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கத்தரியால் வெட்டுவதும் புழு தின்பதும் செடிக்கு ஒன்றுதானா?

வேர்முடிச்சு:
இல்லை. புழுவின் உமிழ்நீரிலிருந்து வாலிசிட்டின் என்ற பொருளை 1997-இல் பிரித்தெடுத்தார்கள். காயத்தில் அதைத் தடவினால், மக்காச்சோள நாற்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைக்கும் மணத்தை வெளியிடுகிறது. வெறும் வெட்டுக்கு அப்படி இல்லை. எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று செடி அளந்துதான் கொடுக்கிறது.

இலைநரம்பு:
செலவு இல்லையென்றால் அளப்பானேன்? 2016-ஐச் சொன்னவர் 2018-ஐ விட்டுவிட்டீர்கள். அராபிடாப்சிஸின் 13 ஜாஸ் மரபணுக்களில் பத்தை நீக்கினார்கள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அசையாத செடி கிடைத்தது. ஆனால் வளர்ச்சி மந்தம், விதை சொற்பம், கார்பன் பட்டினியின் அறிகுறிகள். இதைக் கஜானா காலி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வேர்முடிச்சு:
இயற்கையில் எந்தச் செடியும் அந்த நிலைக்குப் போவதில்லை. மைக்2 முடுக்கும் மரபணுக்களில் ஜாஸ் மரபணுக்களும் உண்டு. தன்னை அடக்குபவரைத் தானே வரவழைத்துக்கொள்கிறது.

இலைநரம்பு:
புழு நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தால்? வரவர ஜாஸ் சிதைந்துகொண்டே இருக்குமே.

வேர்முடிச்சு:
எல்லாம் சிதையாது. ஜாஸ்10 மரபணுவின் ஆர்என்ஏ வேறு விதமாக வெட்டி ஒட்டப்படும்போது, சிஓஐ1-இன் பிடியில் சிக்காத ஒரு வடிவம் வருகிறது. ஜாஸ்மோனேட் எவ்வளவு ஏறினாலும் அது மைக்2-வை விடாது.

இலைநரம்பு:
இத்தனை அடக்கிகளைப் பரிணாமம் எதற்காகக் கட்டிக் காக்கிறது? பட்டினி கிடந்து, விதை போடாமல் போன செடிகளின் வம்சம் நிற்கவில்லை, அதனால்தான். உடனடித் தடையைப் போடுவது மரபணு என்பதை ஏற்கிறேன். அந்தத் தடையே செலவுக்குப் பயந்து வந்தது என்கிறேன்.

வேர்முடிச்சு:
முதல் பதிவில் "இதற்குமேல் விளக்கம் தேவையில்லை" என்றிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதியில் எனக்குச் சண்டை இல்லை.